அந்தக் கறுப்பைத் தேய்த்துவிடாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். இரண்டிலும் ஒரே கத்திதான். முதல் படத்தில் அலகு முழுக்கச் சாம்பல் பூத்த கறுப்பு, எலும்புக் கைப்பிடியில் கை பட்டுப் பட்டு ஏறிய மெருகு. இரண்டாவது படத்தில் அதே கத்தி எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. பஃபிங் மெஷினில் கொடுத்துத் தேய்த்து மெருகேற்றி எடுத்திருக்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் ஓட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன். அவர் மேல் கோபம் இல்லை. வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம். இங்கே மான் வேட்டை என்பது கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையே விடுவார்கள், அப்பாவோடு பிள்ளைகள் காட்டுக்குப் போகட்டும் என்று. நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் வேட்டைக்காரர்களின் சட்டைப்பையில் கிடந்த மடக்குக் கத்திகள் மேல் பித்து பிடித்துப் பல வருடம் ஆகிறது. வடக்கே பிராட்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். 1905இலிருந்து கேஸ் (Case) என்ற கம்பெனியின் கத்திகள் அங்கேதான் தயாராகின்றன. இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் "உங்க கத்தியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், பத்தில் ஐந்து பேர் பையிலிருந்து ஒரு கேஸை எடுப்பார்கள்.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த டிராப்பர் என்ற வகை மடக்குக் கத்தி. மூடினால் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு நீள அலகுகள். ஒன்று கூர்முனை, இன்னொன்று முனை மழுங்கிய ஸ்பே. ஸ்பே என்பது கால்நடைக்குக் காயடிக்க வந்த வடிவம். முனை குத்தாது என்பதால் தோலைக் கிழிக்காமல் உரிக்கலாம், அதனால் பொறி வைத்துப் பிடிக்கிறவர்களுக்கும் பிடித்துப்போனது.

அலகைத் திறந்து, அது கைப்பிடியோடு சேரும் அடிக்கட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கேஸ் எக்ஸ் எக்ஸ் யு.எஸ்.ஏ. என்ற முத்திரை. அதற்குக் கீழே குண்டூசி முனை அளவில் ஆறு புள்ளிகள். 1970இல் பத்துப் புள்ளியோடு தொடங்கினார்கள். வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து 1979இல் ஒரே புள்ளி. ஆறு புள்ளி என்றால் 1974. அடிக்கட்டையின் மறுபக்கம் 6254 என்ற எண். முதல் 6 பெரும்பாலும் செதுக்கிய எலும்புக் கைப்பிடியைக் குறிக்கும். அதுவே 5 என்றால் மான்கொம்பு. அடுத்த 2 என்றால் இரண்டு அலகு. 54 என்பது டிராப்பர் மாதிரியின் எண். புள்ளி இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் 1965 முதல் 1969க்குள். யு.எஸ்.ஏ.வும் இல்லாமல் வெறும் கேஸ் எக்ஸ் எக்ஸ் என்றால் 1940 முதல் 1964க்குள். கத்தியின் பிறப்புச் சான்றிதழே அந்த அரை அங்குல இடத்தில் இருக்கிறது.

பஃபிங் சக்கரம் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். புள்ளிகள் ஆழமில்லாதவை. இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஆறு மூன்றாகும், அப்புறம் ஒன்றும் இருக்காது.

கறுப்பு என்றால் அழுக்கு என்று நினைப்பதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. நம் வீட்டு அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். பழைய இரும்பு அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கினால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். வாழைக்காய் நறுக்கினால் இன்னும் கறுப்பு. அது துரு இல்லை. புளிப்பும் ஈரமும் பட்டு இரும்பின் மேல் படிகிற மெல்லிய தோல். செந்துரு வேறு. அது செதில் செதிலாக இரும்பைத் தின்றுகொண்டே உள்ளே போகும், அதை நிறுத்தியே ஆக வேண்டும். கறுப்பு அப்படியே மேலே நிற்கும், செந்துரு சுலபத்தில் வராமலும் கொஞ்சம் தடுக்கும். பெரியவரின் டிராப்பரில் கூர்முனை அலகு முழுக்க நீலமும் சாம்பலுமாக இருக்கிறது. அவர் சாப்பாட்டு இடைவேளையில் ஆப்பிள் நறுக்கிய வருடங்கள் அதில் இருக்கின்றன. ஐம்பது வருடம் சாணை பிடித்து அலகே பிறை போல் தேய்ந்திருக்கிறது. ஸ்பே அலகு மட்டும் கிட்டத்தட்ட புதுசு. மான் சீசன் தவிர மற்ற நாளில் அதைத் திறக்கவே மாட்டாராம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இந்தப் பழக்கம் தொடங்கிய புதிதில் இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 1940-64 முத்திரை போட்ட கத்தி ஒன்று வாங்கினேன். "பயன்படுத்தாதது" என்று போட்டிருந்தார். விலையும் அதற்கேற்ப. வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தேன், கண்ணைப் பறித்தது. ஒரு மாதம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவர் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். எலும்பில் செதுக்கிய பள்ளங்களின் ஓரம் மழுங்கியிருந்தது. கைப்பிடியும் உலோக முனையும் சேரும் இடம் விரலுக்குத் தட்டியது. முத்திரை எழுத்துகள் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் நிழல் மாதிரி. பயன்படுத்திய கத்தியைத் தேய்த்துப் புதுசாக்கி விற்றிருக்கிறார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. யாரோ ஒருவர் அந்தக் கத்தியோடு வாழ்ந்த காலம் முழுக்கச் சக்கரத்தில் தூளாகப் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது.

சரி, குறைந்த எண்ணிக்கையில் என்று சொல்லி விற்கிற லிமிடெட் எடிஷன் கத்திகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண் போட்ட மரப்பெட்டி, வெல்வெட் மெத்தை, சான்றிதழ். பிடித்தால் வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அரிய பொருள் என்று நம்பி வாங்காதீர்கள். 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்குப் பல கம்பெனிகள் நினைவுக் கத்திகள் போட்டன. வாங்கியவர்கள் பெட்டியிலேயே வைத்துக் காப்பாற்றினார்கள், அதனால் இன்றும் எஸ்டேட் சேலுக்கு, அதாவது இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கிற இடத்துக்கு, போனால் பெட்டி கலையாமல் கிடைக்கின்றன. அதே காலத்துச் சாதாரண டிராப்பர்களைப் பாருங்கள். ஆற்றில் விழுந்தன, அலகு முறிந்தன, தேய்ந்து தேய்ந்து தூக்கிப் போடப்பட்டன. மிச்சம் இருப்பவை அதையெல்லாம் தாண்டி வந்தவை. 1964இல் வந்த பக் (Buck) கம்பெனியின் 110 என்ற மடக்குக் கத்தி இன்றும் தயாராகிறது, அதிலும் லிமிடெட் எடிஷன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. என்னைக் கேட்டால், பித்தளை முனை கை வியர்வையில் பழுப்பேறி, தோல் உறை கிழிந்து தைத்த ஒரு பழைய 110க்கு அவை ஈடாகாது.

உண்மையிலேயே லிமிடெட் ஆகிப்போனது எது தெரியுமா? ஷ்ரேட். நியூயார்க் மாநிலத்தின் எலன்வில் ஊரில் இருந்த இம்பீரியல் ஷ்ரேட் ஆலை 2004இல் மூடப்பட்டது. அவர்களுடைய ஓல்டு டைமர் என்ற பெயரில் இன்றும் கத்தி விற்கிறது, ஆனால் அது பெரும்பாலும் சீனாவில் செய்வது. எலன்வில்லில் செய்த பழைய ஓல்டு டைமர் இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. கைப்பிடி வெறும் பிளாஸ்டிக்தான். ஆனால் ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கம். அலகை மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்கவே வாங்கலாம். இன்றும் இங்கே சந்தைகளில் மலிவாகக் கிடைக்கிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மான்கொம்புக் கைப்பிடி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பழைய கத்திகளில் நல்ல கொம்பு என்றால் பெரும்பாலும் நம் காடுகளின் கடமான் கொம்புதான். முதுமலையில் பார்த்திருப்பீர்களே, மிளா என்றும் சொல்வோம். உள்ளே பஞ்சு குறைவு, கெட்டி அதிகம், அதனால் கத்திக்குப் பேர்போன ஊர்களான இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அதைத்தான் கேட்டு வாங்கின. கடமான் கொம்பைத் தானாகவே உதிர்த்துவிடும், மறுபடி முளைக்கும். ஆனால் உதிர்ந்த கொம்பு எது, கொன்று எடுத்தது எது என்று துறைமுகத்தில் யார் பிரித்துப் பார்ப்பது? 1990களின் கடைசியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. விலை ஏறியது. சேகரிக்கிறவர்கள் சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தத் தடையில் முழுச் சம்மதம். பழைய கத்தியில் இருப்பது இருக்கட்டும், புதிதாக ஒன்றுக்காக ஒரு கடமானும் சாக வேண்டாம்.

இன்னொன்று, இது தெரியாமல் நான் மூன்று கத்திகளைக் கெடுத்தேன். கைப்பிடி செல்லுலாய்டா என்று பாருங்கள். விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசம் வரும், கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். வயதானால் அது சிதைந்து அமில ஆவியை விடும், பக்கத்தில் இருக்கும் எல்லா அலகிலும் துரு ஏறும். அதைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். தோல் உறைக்குள் எந்தக் கத்தியையும் வருடக்கணக்கில் விடாதீர்கள். செந்துரு கண்டால் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய துணியால் மெல்ல எடுங்கள். போதும்.

பெரியவர் டிராப்பரைக் கொடுத்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ஒரு சென்ட் கொடு" என்றார். எனக்குப் புரியவில்லை. கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும், அதனால் விலைக்கு விற்றதாகக் கணக்கு வைக்க வேண்டுமாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் அப்பாயி கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவே மாட்டார், சண்டை வரும் என்று தரையில் வைப்பார், நாம் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவரிடம் அதைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். கத்தியை மடக்கி மேசை மேல் வைத்தார். நான் ஒரு சென்ட்டை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ தாத்தாவின் பேனாக்கத்தி கிடந்தால் இங்கே படம் போடுங்கள். அலகைத் திறந்து, அடிக்கட்டை முத்திரை தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில். நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் முத்திரையாக இருக்கலாம். தாத்தா அதை எதற்கு வைத்திருந்தார் என்றும் எழுதுங்கள், வெற்றிலை கிள்ளவா, பென்சில் சீவவா, கயிறு அறுக்கவா. படம் எடுக்கிறதுக்கு முன்னாடி மட்டும் துடைத்துவிடாதீர்கள்.