வோடபோன் ஐடியாவில் அரசுக்கு 48.99 விழுக்காடு

2025 ஏப்ரலில், கைபேசிச் சேவை நிறுவனமான வோடபோன் ஐடியாவில் ஒன்றிய அரசின் பங்கு 48.99 விழுக்காடாக உயர்ந்தது. நிறுவனத்தை நடத்துவது பழைய முதலாளிகளே. மிகப் பெரிய பங்குதாரர் மட்டும் அரசு. ஒரு தனியார் தொழிலுக்குள் அரசு எதுவரை செல்லலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை அண்மையில் வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பங்குகளை அரசு சந்தையில் வாங்கவில்லை. வரவேண்டிய நிலுவைக்கு ஈடாக, 2023இல் 16,133 கோடி ரூபாய்க்கும் 2025இல் 36,950 கோடி ரூபாய்க்கும், பங்கு ஒன்று 10 ரூபாய் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டது. இரண்டு முறையும் சந்தை விலை அதைவிடக் குறைவு. நிறுவனத்தை நெரித்த கடனில் ஒரு பகுதி அரசோடு நடந்த வழக்கில் பிறந்தது. வாடகை, வட்டி போன்ற புறவருமானத்தையும் உரிமக் கட்டணக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற தொலைத்தொடர்புத் துறையின் வாதத்தை 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, பல ஆண்டு வட்டியும் தண்டமும் அசலை விஞ்சி நின்றன.

நிலுவையைப் பங்காக மாற்றி நிறுவனத்தை அரசு மீட்டதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2018இல் ஏர்செல் மூடியபோது தமிழ்நாட்டில் எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் பட்ட அலைச்சல் நினைவிருக்கிறது. ஜியோ, ஏர்டெல் என்ற இரண்டே தனியார் நிறுவனங்கள் மிஞ்சும் சந்தையில் கட்டணத்தை யார் கட்டுப்படுத்துவது என்ற அச்சமும் நியாயமானது.

ஆனால் அலைக்கற்றையை ஏலம் விடுவதும், உரிமம் வழங்குவதும், நிலுவையை வசூலிப்பதும் அரசு, பி.எஸ்.என்.எல். வழியாக அதே சந்தையில் போட்டியிடுவதும் அரசு. இப்போது அந்தப் போட்டியாளர்களில் ஒருவரிடம் பங்கும் வைத்திருக்கிறது. அடுத்த சலுகையை வோடபோன் ஐடியாவுக்கு அறிவித்தால், அது வாடிக்கையாளர் நலனுக்கா, தன் பங்கின் மதிப்பைக் காக்கவா என்று பிரித்தறிய வழியில்லை. பங்கு 51 விழுக்காட்டைத் தொடாததால் சட்டப்படி இது அரசு நிறுவனமும் ஆகாது. பொதுப்பணம் உள்ளே இருக்கிறது. பொதுத்துறைக்குரிய பொறுப்பு இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

எனவே, எந்த ஆண்டுக்குள், எந்த முறையில் இந்தப் பங்குகள் விற்கப்படும் என்பதை அரசு நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும். அதுவரை, உரிமம், அலைக்கற்றை ஆகியவற்றில் பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு, பங்கை வைத்திருக்கும் அரசைக் கேட்காமல் முடிவெடுக்கும் அதிகாரம் வழங்கப்பட வேண்டும்.