நீர் புகாத காலணியும் நீடித்து உழைக்கும் காலணியும்

மலைப்பாதைகளிலும் காட்டுப்பாதைகளிலும் ஓடத் தொடங்கும் நண்பர்கள், காலணி வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தண்ணீர் உள்ளே போகக் கூடாது, நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும், எதை வாங்கலாம்? கேள்வி நியாயமானது. ஆனால் இந்த இரண்டு தகுதிகளும் ஒரே காலணியில் இயல்பாகவே சேர்ந்து வரும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது; அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டக் காலணியில் நீரைத் தடுக்கும் பகுதிதான் பெரும்பாலும் மற்றவற்றுக்கு முன்பாகப் பழுதாகிறது. கூடுதல் பணத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, உண்மையில் உழைக்க வேண்டிய அடிரப்பரையும் தையலையும் பசை ஒட்டிய விளிம்பையும் சரியாகப் பார்க்காமல் வாங்கி வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீர் புகாமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நாம் அறிந்திருக்கும் பி.டி.எஃப்.இ. தண்டு ஒன்றைச் சூடாக்கி, மெல்ல இழுப்பதை விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. அதிலிருந்து உருவான கோர்-டெக்ஸ் சவ்வு 1976-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு துளையும் ஒரு நீர்த்துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது என்பது அதைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் தரும் கணக்கு. ஆகவே வெளியிலிருந்து மழைநீர் நுழைய முடியாது. உள்ளிருக்கும் வியர்வை ஆவியாக வெளியேறலாம். இப்போது அதே நிறுவனம் பாலிஎத்திலீனால் ஆன சவ்வையும் தயாரிக்கிறது; வேறு சில நிறுவனங்கள் பாலியூரித்தேன் சவ்வுகளை நம்பியிருக்கின்றன. எந்தப் பெயரில் வந்தாலும், பெரும்பாலான காலணிகளில் இந்தச் சவ்வு மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே, பாதத்தின் வடிவில் தைக்கப்பட்டு, தையலின் மேல் பட்டை ஒட்டப்பட்ட ஒரு மெல்லிய உறையாகவே இருக்கிறது.

அந்த உறையின் வாய் திறந்திருக்கிறது என்பதை வாங்கும்போது நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டக் காலணி கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. கணுக்கால் மூழ்கும் ஓடை ஒன்றைக் கடந்தாலே தண்ணீர் மேல்வழியாக உள்ளே நிறைந்துவிடும். கனமழையில் ஓடினால் காலில் வழியும் நீர் காலுறை வழியாகவே கீழே இறங்கிவிடும். வலைத்துணியால் செய்த சாதாரண காலணியில், ஓடையைத் தாண்டிச் சில அடிகள் வைப்பதற்குள் பெரும்பகுதித் தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடும். சவ்வு வைத்த காலணியோ அந்த இடத்தில் ஒரு வாளியாகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும் அதே சுவர் உள்ளே வந்த நீரையும் போகவிடாது.

வியர்வை விஷயமும் இப்படித்தான். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. சவ்வு வழியாக ஆவி வெளியேற வேண்டுமானால், உள்ளே இருக்கும் ஆவி அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெளியே குளிரும் உலர்ந்த காற்றும் இருக்கும்போது அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும். சவ்வு தன் வேலையைச் செய்யும். வெளியே வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்திருந்தால் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது எத்தனை கோடித் துளைகள் இருந்தாலும் பயனில்லை. கால் தன் வியர்வையிலேயே ஊறும், ஊறிய தோல் காலுறையோடு உராய்ந்து கொப்புளம் கட்டும். வெப்பமான சூழலில் ஓடுபவர்களுக்கு நீர் புகாத காலணியை நான் பரிந்துரைக்காததற்கு முதன்மையான காரணம் இதுவே.

நீண்ட தூரம் ஓடுபவர்களின் பழக்கத்தைப் பார்த்தாலும் இது தெரியும். 2003-இல் தொடங்கிய மோன்ட் பிளாங்க் மலைச்சுற்று அல்ட்ரா ஓட்டத்தில், சுமார் 170 கிலோமீட்டர் தூரத்தையும் ஏறக்குறைய 10,000 மீட்டர் ஏற்றத்தையும் கடக்க வேண்டியவர்கள், தலைமூடி வைத்த நீர் புகாத மேலங்கியைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். காலணிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பிரிட்டனின் ஈரப் புல்வெளிகளிலும் சதுப்பு நிலங்களிலும் நடக்கும் ஃபெல் ரன்னிங் எனப்படும் குன்று ஓட்டத்தில் ஓடுபவர்களும், ஆண்டு முழுவதும் சேற்றில் ஓடியும் பெரும்பாலும் சவ்வில்லாத, மெல்லிய, நீர் வடியும் காலணிகளையே அணிகிறார்கள். கால் நனையும் என்பதை ஏற்றுக்கொண்டு, எவ்வளவு விரைவில் உலரும் என்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அதற்காக நீர் புகாத காலணி வீண் என்று நான் சொல்லவில்லை. உறைநிலையை ஒட்டிய குளிரில், உருகும் பனியிலோ பனித்துளி படிந்த உயரமான புல்லிலோ, ஓரிரு மணி நேரம் ஓடுபவருக்கும், ஓட்டத்தைவிட நடையே அதிகமாக இருப்பவருக்கும் அது மிகவும் நல்ல துணை. அங்கே ஈரம் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் சிறிது சிறிதாக வருகிறது. காலணியின் கழுத்தை, அதாவது கால் நுழையும் மேல்விளிம்பை, தாண்டி ஊற்றுவதில்லை. குளிர்ந்த நீர் விரல்களை மரக்கச் செய்யும் அந்தச் சூழலில் சவ்வின் கதகதப்பும் கூடுதல் நன்மை. பனியில் ஓடுபவர்கள் காலணியின் கழுத்துப் பகுதியை மூடும் கெய்ட்டர் என்ற கணுக்கால் உறையையும் சேர்த்து அணிந்தால் பயன் இரட்டிப்பாகும். எனவே வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, உங்கள் பாதையில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வெப்பநிலையில் வருகிறது என்பதுதான்.

இனி உழைப்பைப் பார்ப்போம். காலணியைக் கையில் எடுத்து, முன்பகுதியை ஓடும்போது மடங்குவது போல மடக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் தொடங்கும் இடத்தில், அடிரப்பரின் விளிம்பிலிருந்து விரலகலம் மேலே, துணியில் ஒரு மடிப்பு விழும். ஒவ்வோர் அடிக்கும் அதே இடம், அதே கோடு. மேல்துணி பெரும்பாலும் அங்கேதான் முதலில் நைந்து கிழிகிறது. சவ்வும் பெரும்பாலும் அங்கேதான் விரிகிறது. அந்த மடிப்புக் கோட்டின் மேல் தடித்த பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பு வந்து முடிந்தால், அந்த விளிம்பே துணியை அறுக்கும். அப்படிப்பட்ட காலணியை நான் அங்கேயே திருப்பி வைத்துவிடுவேன். உள்ளிருந்தும் சேதம் வரும். கழுத்து வழியாக விழும் நுண்மணல் உள்துணியில் புகுந்து, சவ்வை ஓட்டம் முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வெட்டாத கால்நகமும் தன் பங்கைச் செய்கிறது. சவ்வு கிழிந்துவிட்டதா என்று சோதிக்க, உலர்ந்த காலணிக்குள் மெல்லிய காகிதத்தை அடைத்து, நாக்கும் (நாடாவுக்குக் கீழே இருக்கும் துணிப்பட்டை) பக்கத் துணியும் சேரும் மட்டத்துக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, முன்பகுதியை அவ்வப்போது மடக்கிவிட்டுப் பாருங்கள். காகிதம் எந்த இடத்தில் நனைந்திருக்கிறது என்பதே பதில். பெருவிரல் மடிப்பருகே வட்டமாக நனைந்திருந்தால் அதைச் சரிசெய்ய நம்பகமான வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சில நேரங்களில் சவ்வு நன்றாகவே இருக்கும். ஆனாலும் கால் ஈரமாக இருப்பதாகத் தோன்றும். மேல்துணியில் பூசியிருக்கும் நீர்விலக்குப் பூச்சு அழிந்துவிட்டதே அதற்குக் காரணம். பூச்சு இருக்கும்வரை நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அது போனதும் மேல்துணி நீரை உறிஞ்சிக் கனமாகி, சவ்வின் வெளிப்பக்கத்தை அடைத்துவிடும், வியர்வை வெளியேறாது. காலணி ஒவ்வொன்றிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1% கூடுகிறது என்று உடலியங்கியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மணிக்கணக்கில் ஏற்றத்தில் ஓடுபவருக்கு அது சிறிய சுமையல்ல. இயற்கையில் எளிதில் அழியாத ஃப்ளூரின் சேர்மங்கள் கலந்த பழைய பூச்சுகளை நிறுவனங்கள் கைவிட்டு வருவது வரவேற்கத்தக்கது. புதிய பூச்சுகள் எண்ணெய்க்கும் அழுக்குக்கும் அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காததால், காலணியை அடிக்கடி கழுவுவதும், அவ்வப்போது பூச்சைப் புதுப்பிப்பதும் இனி நம் பொறுப்பு.

என்னைக் கேட்டால், கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு அடிரப்பருக்குப் போக வேண்டும். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில், பொருத்தமற்ற காலணிகளோடு ஏறிய தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விடாலே பிரமானி, அந்தத் துயரத்திலிருந்து பல் வைத்த ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார்; அவருடைய பெயரிலிருந்தே விப்ரம் நிறுவனத்தின் பெயர் வந்தது. ஈரப்பாறையில் வழுக்காமல் பிடிப்பது பல்லின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மையையே பொறுத்தது. ஆனால் மென்மையான ரப்பர் கரடுமுரடான கல்லில் வேகமாகத் தேயும், கடினமான ரப்பர் நாள்பட உழைத்தாலும் ஈரத்தில் வழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். நான் எப்போதும் பிடிப்பையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் தேய்ந்த ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், இறக்கத்தில் முறிந்த மணிக்கட்டு அப்படியல்ல. கெட்டியான மண்ணுக்கும் கல்லுக்கும் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்கள் போதும். சேற்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் வேண்டும், அதிலும் பற்களுக்கிடையே இடைவெளி இருந்தால்தான் சேறு உதிரும். 8 மில்லிமீட்டர் பற்கள் ஆழமான சேற்றுக்கே உரியவை. அவற்றை அணிந்து தார்ச்சாலையில் ஓடினால் விரைவில் மழுங்கிவிடும்.

நடுப்பாகத்தின் மெத்தை பெரும்பாலும் ஈ.வி.ஏ. நுரையாலானது, 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அது அமுங்கித் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணிப்பு. மேல்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மேல் முழங்கால் தாங்க வேண்டியிருக்கும்.

அளவில் மட்டும் அவசரப்படாதீர்கள். சவ்வு வைத்த காலணி சாதாரண வலைத்துணியைப் போல நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்காது. வாங்கும் நாளில் எங்கே இறுக்குகிறதோ அங்கே கடைசிவரை இறுக்கும். ஓடும்போது அணியப்போகும் அதே காலுறையை, கம்பளிக் காலுறையானால் அதையே அணிந்து, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நாடாவை இறுக்கிக் கட்டிச் சரிவில் இறங்கும்போது விரல்நுனி முன்சுவரில் இடிக்கக் கூடாது, குதிகால் மேலே எழும்பவும் கூடாது.

வாங்கிய பின் காலணியை அழிப்பது பெரும்பாலும் வெப்பமே. நனைந்த காலணியை அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் அடிரப்பரை ஒட்டிய பசை இளகி, மூக்குப் பகுதியிலிருந்து பிரியத் தொடங்கும். ஓடி முடித்ததும் சேற்றைத் தண்ணீரில் கழுவி, உட்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளை அடைத்து, அது நனைந்ததும் மாற்றி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். சவ்வு வைத்த காலணி உலர அடுத்த நாள் வரை ஆகலாம். தினமும் ஓடுபவருக்கு மாற்றுக் காலணி ஒன்று தேவை, அது சவ்வில்லாததாகவே இருக்கட்டும். சவ்வு கிழிந்து, அடிரப்பரும் மெத்தையும் இன்னும் நன்றாக இருக்கும் காலணியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உலர்ந்த குளிர்காலப் பாதைகளில் அது இன்னும் நல்ல தூரம் ஓடும்.