கந்தளாய்க் குளத்துப் பாசியும் ‘உலக வெள்ளமும்’

“காரா என்னும் நன்னீர்ப் பாசி கடலைத் தாண்டாது. எனவே எல்லாக் கண்டங்களிலும் அது இருப்பது உலகையே மூடிய ஒரே வெள்ளத்துக்குச் சாட்சி” என்ற செய்தி, கந்தளாய்க் குளத்துப் படத்துடன் திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

காரா குடும்பத்தின் வித்துகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியவை. சுவர் மிகக் கடினம். வாத்து விழுங்கினாலும் சில உயிரோடு எச்சத்தில் வெளியேறி, வேறொரு குளத்தில் முளைக்கும். வலசைப் பறவைகள் கடலையே கடக்கின்றனவே! பறவைகள் தோன்றுமுன் எப்படிப் பரவியது? காரா அடங்கும் பாசிக் குழுவின் மிகப் பழைய புதைபடிவங்கள் 40 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. கண்டங்களோ சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை பாஞ்சியா என்ற ஒரே நிலமாக இணைந்திருந்தன. மேலும், வெவ்வேறு காலப் பாறை அடுக்குகளில் வெவ்வேறு வகைகள் கிடைக்கின்றன. ஒரே வெள்ளம் அவற்றை இப்படி அடுக்கியிருக்க முடியாது.