தடுப்பைத் தாண்டிய படமும் எனக்குக் கிடைத்த பட்டமும்

நம் இன்ஸ்ப்ரூக் தமிழ்க் குழுவில் வந்த அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் மறுபடி இங்கே போடவில்லை. ஊருக்கு மேலே இருக்கும் ஆர்ஸ்லர் ஆல்ம் என்ற மலைக்குடிலுக்குப் போகும் வனச்சாலை, குறுக்கே தடுப்பு, அதில் உள்ளே வரக் கூடாது என்ற பலகை. அந்தப் பலகையிலேயே சாய்ந்துகொண்டு நம் ஆட்கள், கைக்குழந்தையின் தள்ளுவண்டியோடு. அடுத்த படம் தடுப்புக்கு அந்தப் பக்கம். நான் கேட்டது ஒரே ஒரு வரி: "மரம் வெட்டுற இடமாச்சே, குழந்தையோட போகலாமா?" அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "அக்காவுக்கு எல்லாத்துக்கும் பயம்." "அக்கா, எப்போ வனத்துறையில சேர்ந்தீங்க?" சரி. குழுவில் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், நீளமாகவே.

உள்ளே ஒரு மனிதர் வேலை செய்கிறார். அதற்காகத்தான் அந்தத் தடுப்பு. மரம் அறுப்பவர் காதை மூடியிருப்பார், நீங்கள் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. மரம் சாயும் நேரத்தில் அவர் கண் உச்சிக்கிளையில் இருக்கும், சாலையில் இருக்காது. மர உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் ஆள் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. 30 மீட்டர் மரம் என்றால் 45 மீட்டர். அதுவும் சமதளத்துக்கான கணக்கு. இன்ஸ்ப்ரூக்கின் தலைக்கு மேல் தொங்குகிற நோர்ட்கெட்டெ மலைச்சரிவில் ஏது சமதளம்? அங்கே நழுவிய கட்டை எங்கே போய் நிற்கும் என்று வெட்டியவராலேயே சொல்ல முடியாது.

"ஞாயிற்றுக்கிழமை யார் வேலை செய்யுறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்க மாட்டார். சாலையோரம் அடுக்கிய கட்டைகள் இருக்கும். பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை இறக்கலாம் என்று விட்டுப்போன மரம் இருக்கும். தெற்கிலிருந்து ஃபியோன் என்கிற பலத்த மலைக்காற்று அடித்துவிட்டுப் போன பிறகு, உடைந்த கிளைகள் மேலேயே சிக்கிக் கிடந்து, காற்றே இல்லாத நாளில் விழும். அடுக்கிய கட்டையைக் கண்டால் குழந்தைகள் முதலில் என்ன செய்யும்? ஏறும். குழந்தை வளர்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

"விடுமுறை நேரத்தில்தான் வெட்டணுமா?" ஆமாம். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் பட்டைக்குள் குடியிருக்கும் வண்டு நம் விடுமுறையைப் பார்த்துக் குஞ்சு பொரிப்பதில்லை. கோடையில் சில வாரங்களிலேயே அடுத்த தலைமுறை பறந்து பக்கத்து மரங்களுக்குப் போய்விடும். அதற்குள் நோய் பிடித்ததை வெட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து வரும் பனியையும் கல்லையும் பிடித்து நிறுத்துவது அந்தக் காடுதான். அது போனால் கீழே இருப்பது நம் வீடுகள்.

அப்புறம் சட்டம் படித்தவர்கள். "1975 வனச்சட்டப்படி யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் நடக்கலாம், தெரியுமா அக்கா?" தெரியும். ஆஸ்திரிய வனச்சட்டத்தின் முப்பத்து மூன்றாவது பிரிவு. பொழுதுபோக்குக்காகக் காட்டில் நடக்க எல்லாருக்கும் உரிமை தருகிறது, அருமையான சட்டம். அப்படியே ஒரு பக்கம் திருப்பி முப்பத்து நான்காவது பிரிவையும் படித்திருக்கலாம். மரம் வெட்டும் இடத்தைத் தற்காலிகமாக மூடலாம் என்று அதில்தான் இருக்கிறது.

"உள்ளூர்க்காரங்களே போறாங்களே" என்பதற்கு என்ன சொல்வது? போகிறார்கள்தான். நாய் கூட்டிக்கொண்டு, காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு, சைக்கிளில்கூடப் போகிறார்கள். மரத்துக்கு யார் உள்ளூர், யார் வெளியூர் என்று தெரியாது.

எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டுக்காரர் மலைமீட்புப் படையில் இருக்கிறார். நம் டிரோல் மாநிலத்தில் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, எல்லாரும் தன்னார்வலர்கள். ஒருநாள் ராத்திரி அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். தோசை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், சட்னியைத் தனியாகவே சாப்பிடுவார். இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போது இடுப்பில் இருந்த பேஜர் கத்தியது. கை கழுவக்கூட இல்லை, துடைத்துக்கொண்டு ஓடினார். அவர் மனைவி எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் முழுக்க போனில். கடைசியில் நான் எல்லாவற்றையும் எடுத்துவைக்க, அவர் பாத்திரம் கழுவினார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கழுவினார். மறுநாள் காலை மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சேறு. மூடியிருந்த பாதையில் இருட்டில் மாட்டிக்கொண்ட இருவர், காயம் எதுவும் இல்லை என்றார். திட்டவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. மலை அவசர எண்ணான 140க்கு அழைத்தால் மந்திரம் போட்ட மாதிரி யாரோ வருகிறார்கள் என்று நினைக்கிறோம். வருகிறவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது.

வேலை முடிந்த பிறகும் பலகையை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அது தப்புத்தான், நகராட்சிக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தப் படத்தில் இருப்பது அன்றைக்கு மாட்டிய பலகை, பின்னால் புதுசாக வெட்டிய கட்டைகள் தெரிகின்றன.

"கேஸுக்குப் பயந்து மூடுறாங்க." பயப்படட்டுமே! 2014இல் இங்கே பக்கத்தில் ஸ்டூபாய் பகுதியின் பின்னிஸ் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்ணை மாடுகள் மிதித்துக் கொன்றன. 2019இல் இன்ஸ்ப்ரூக் நீதிமன்றம் முழுப் பொறுப்பையும் மாட்டுக்காரர் மேல் போட்டது. அதே வருடம் மேல்முறையீட்டில்தான் அந்தப் பெண்ணுக்கும் மாட்டுக்காரருக்கும் பாதிப் பாதி என்று ஆனது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதைப் பார்த்த நிலக்காரர் யாராக இருந்தாலும் வேலியைப் போடத்தான் செய்வார். நம் ஊரில் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டாதவனைத் திட்டுகிறோம், இங்கே கட்டியவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இதையெல்லாம் விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. போன குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் ஒரு பாதையை மூடியபோது, இதே குழுவில் ஒரு அண்ணன் "யாரும் போகாதீங்க, உயிர் முக்கியம்" என்று எழுதினார். எல்லாரும் கைகூப்பி நன்றி சொன்னீர்கள். "பொறுப்பான பதிவு" என்றுகூட ஒருவர் பாராட்டினார். அதே விஷயத்தை நான் கேள்வியாகக் கேட்டால் பயந்தாங்கொள்ளி அக்கா. அவர் சொன்னால் அக்கறை, நான் சொன்னால் நச்சரிப்பு. இத்தனை வருடமாக இந்த ஊருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எந்தப் பாதை குழந்தைக்கு ஏற்றது, எந்த ஷூ வாங்கணும், ஆல்பைன் மலையேற்றச் சங்கத்தில் சேர்ந்தால் மீட்புக் காப்பீடும் சேர்ந்தே கிடைக்கும் என்பதையெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது யார்? அப்போது அந்த அக்காவுக்குப் பயம் இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லையே.

"ஜோக்கைக்கூட ஜோக்கா எடுத்துக்கத் தெரியல" என்று இதற்கும் கமெண்ட் வரும். வரட்டும். தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கு ஜோக் சொல்லத் தெரியாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது.

தீபாவளி ஒன்றுகூடலுக்கு அறுபது பேருக்குச் சாம்பார் நான்தான் வைக்க வேண்டும் என்று இன்று காலை அதே குழுவில் என்னை டேக் செய்திருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.