பத்து வருட டீசல் கார் காயலான் கடைக்கா?

"10 வருடம் ஆன டீசல் காரை இந்தியா முழுக்க உடைக்கப் போகிறார்கள், தினமும் தூரம் ஓடுகிறவர்கள் பழைய டீசல் வாங்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

10 வருடக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்டது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

சந்தேகமா? ஆர்சி புத்தகத்தில் பதிவு முடியும் தேதி அச்சாகியிருக்கும். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனிலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குத் தினமும் போய்வருபவர் டீசலா பெட்ரோலா என்று கிலோமீட்டர் கணக்குப் போட்டு முடிவெடுக்கட்டும், புரளியைப் பார்த்து அல்ல. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.