அண்ணனை மேடையிலிருந்து இறக்கியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் நடந்த முன்னாள் படைவீரர் பாராட்டு விழாவைப் பற்றி நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்களுக்கும் காணொளியைப் பார்த்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். "களத்தில் நின்று போரிட்டவர்கள் மட்டும் மேடையில் இருக்கட்டும், மருத்துவப் பிரிவினர் கீழே அமரலாம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டபோது, இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டன்டாகப் பணிபுரிந்த என் அண்ணன் ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கிக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார். நான்தான் அழுதேன். "போட்டு மக்கா, விடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை. காயம்பட்டவனைத் தூக்கிச் சென்று ஹெலிகாப்டரில் ஏற்றுபவனும் களத்தில்தான் நிற்கிறான். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அண்ணன் தொண்ணூறுகளில் சியாச்சினில் இருந்தார். 1984 ஏப்ரலில் நம் படை அந்தப் பனிமலையில் ஏறிய நாள் முதல், எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். காற்று மெலிந்த அந்த உயரத்தில் திடகாத்திரமான இளைஞனுக்குக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதை அவர்கள் 'ஹேப்போ' என்பார்கள். முதலில் இருமல், பிறகு மூச்சுத்திணறல், அதன்பின் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை. ஆக்சிஜனும் மருந்தும் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும், ஆனால் ஆளைக் கீழே இறக்குவதுதான் உண்மையான வைத்தியம். நடத்தி இறக்க முடியாத இடத்திலிருந்து இறக்க அன்று இருந்த ஒரே வழி சீட்டா ஹெலிகாப்டர். அந்தச் சிறிய இயந்திரமும் அந்த உயரத்தில் ஓர் ஆளைச் சுமக்கவே திணறும். இறங்கினாலும் இன்ஜினை நிறுத்துவதில்லை, இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும்.

ஒருநாள் மாலை அண்ணன் இருந்த காவல் முகாமில் ஒரு சிப்பாய்க்கு இப்படி ஆகிவிட்டது. வானிலை மூடிக்கொண்டது, விடியும் வரை ஹெலிகாப்டர் வர வழியில்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் ஹேப்போ பை ஒன்று இருந்தது. ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் மிதிக்கும் பம்பினால் காற்றை அடைத்தால், உள்ளே இருப்பவனுக்குப் பல ஆயிரம் அடி கீழே இறங்கியதைப் போன்ற அழுத்தம் கிடைக்கும். மிதிப்பதை நிறுத்தினால் உள்ளே நல்ல காற்று இல்லாமல் போகும். அண்ணனும் இன்னொருவரும் இரவு முழுவதும் மாறி மாறி மிதித்தார்கள். ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் பையின் கண்ணாடிச் சன்னல் வழியே டார்ச் அடித்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். காலையில் சீட்டாவின் சத்தம் கேட்டபோது தன் வலது காலில் உணர்வே இல்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தக் காலோடுதான் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பனியில் ஹெலிபேடுக்கு ஓடினார். அந்தச் சிப்பாய் பிழைத்தார். அண்ணன் அன்று ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பது உண்மைதான். இதைப் போர் அல்ல என்று சொல்லும் துணிவு அந்த ஒலிபெருக்கிக்கு எங்கிருந்து வந்தது?

"ஒரு சால்வைக்கு இவ்வளவு கோபமா, டீச்சர்?" என்று கேட்பீர்கள். சால்வை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஏறி நின்ற மனிதனை நூற்றைம்பது பேர் முன்னிலையில் இறங்கச் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது.

"துப்பாக்கி ஏந்தியவனும் ஊசி போட்டவனும் சமமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்கிறேன். ஏ. ஜி. ரங்கராஜ் ஒரு மருத்துவர், தமிழர். கொரியப் போரில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் படைப்பிரிவை நடத்திச் சென்றவர். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படையுடன் முன்சான் அருகே வானிலிருந்து குதித்துக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தது அவருடைய அணி. அவருக்கு இந்த நாடு மகா வீர் சக்ரா அளித்தது. 1999 கார்கில் போரில் விமானப்படை விமானிகளான குஞ்சன் சக்சேனாவும் நம் பக்கத்து மாநிலத்து ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டாவை ஓட்டிச் சென்று காயம்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். கீழே இருந்து சுடுபவன், இது ஆளை ஏற்ற வந்த வண்டி என்று பார்த்தா சுடுவான்? விழாக் குழுவினரின் அளவுகோலை வைத்தால் இவர்கள் எல்லாருமே கீழே அமர வேண்டியவர்கள்தான்.

2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் காவல் முகாமில் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை மூடியது. ஆறு நாள் கழித்து அவர்களில் ஒருவரான அனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்து, ஹெலிகாப்டரில் இறக்கி, அங்கிருந்து விமானத்தில் டெல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 11 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது அண்ணன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி, என் மைனி சொன்னார்கள்.

இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது. அது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. "படைவீரனைத் தேடி மலையுச்சிக்கு ஹெலிகாப்டர் போகும், ஒக்கிப் புயலில் கடலில் கிடந்தவனைத் தேடி ஏன் நேரத்துக்கு வரவில்லை?" மீனவர் ஊரான தூத்தூர்ப் பக்கம் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு, என்னிடம் படித்த பிள்ளைகள் கடற்கரையில் வானத்தையே பார்த்து நின்றதை என் கண்ணால் கண்டேன். ஒரு சத்தம் கேட்டால் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, ஆழ்கடல் வரை போய்த் தேடுங்கள் என்பதைத் தவிர அவர்கள் வேறு என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்கள்? நானும் அவர்களோடு நின்றிருக்க வேண்டும். அன்று பள்ளிக்கூடம் இருந்தது என்று இருந்துவிட்டேன், இன்றுவரை அது உறுத்துகிறது.

ஆனால் அந்தக் கேள்வியை அரசிடம் கேளுங்கள், என் அண்ணனிடம் கேட்காதீர்கள். பைக்குள் கிடப்பவனின் மூச்சைப் பார்த்துக்கொண்டே விடியலுக்காகக் காத்திருந்தவரைவிட, வானத்தைப் பார்த்து நின்ற அந்தப் பிள்ளைகளின் தவிப்பு வேறு யாருக்குப் புரியும்? ஒக்கி நாட்களில் கரையில் நின்றவர்களுக்கு அவர்தான் இரண்டு நாள் கஞ்சி வாளி சுமந்தார்.

நேற்றிரவு விழாக் குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார். மனம் வருந்துவதாகவும், நாளை மாலை வீட்டுக்கு வந்து அண்ணனுக்குச் சால்வை போர்த்துவதாகவும் சொன்னார். அவர் நல்ல மனிதர், அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் மைனி மறுத்துவிட்டார்கள், நானும் அதையே சொல்கிறேன். வீட்டு நடையில் யாருக்கும் தெரியாமல் போர்த்த வேண்டாம். அடுத்த ஆண்டு அதே மண்டபத்தில், அதே ஒலிபெருக்கியில் அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். படியேறும்போது அந்த வலது கால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். காத்திருங்கள்.