சுப்பனைச் செலியோஸுடன் ஒப்பிடுவது பாதிதான் சரி
ஐஸ் ஹாக்கியில் பி.கே. சுப்பனை இன்னொரு கிறிஸ் செலியோஸ் என்று ரசிகர்கள் சொன்னதை இங்கே வந்த கட்டுரை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சரி, இருவருமே கனடாவின் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியில் தற்காப்பு வீரர்களாக ஆடியவர்கள், அங்கே இருந்தபோதே சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் விருது வாங்கியவர்கள் (செலியோஸ் 1989, சுப்பன் 2013). ஆனால் செலியோஸின் முரட்டுத்தனம் ஆளையே சாய்க்கிற ரகம். 1989 பிளே ஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களில்) பிலடெல்பியா அணியின் பிரையன் பிராப்பை முழங்கையால் இடித்து நினைவிழக்கச் செய்தவர் அவர். சுப்பன் மேல் வந்த புகார் என்ன? வாய்த்துடுக்கும் ஆர்ப்பாட்டமும்தானே! ஜெயித்ததும் கோல்கீப்பர் கேரி பிரைஸுடன் குனிந்து மூன்று முறை உள்ளங்கை தட்டிக்கொள்வது அவர் வழக்கமாக இருந்தது, 2013இல் பயிற்சியாளர் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சுப்பனைத் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார். ஆனால் 2015இல் மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி சொன்னவரும் இதே சுப்பன்தான், அதையும் கணக்கில் எடுங்கள்.